முழுக்கைச் சட்டைக்குள் மறைத்த சாட்சி

என் அன்பு அப்பாவுக்கு,

உங்களைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். ஞாயிறு மதியத்திலிருந்து பாஸ்டர் ஐயா என் போனை எடுக்கவில்லை. சபை வாட்ஸப் குழுவில் எனக்கு ஒரு ஸ்தோத்திரம்கூட வரவில்லை. நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

எல்லாம் அந்த ரிப்போர்ட்டில் ஆரம்பித்தது. குரோம்பேட்டை ஆஸ்பத்திரியில் வாரம் மூன்று நாள் உங்களுக்கு டயாலிசிஸ். ஒருநாள் அது முடிந்த கையோடு எடுத்த ரத்தப் பரிசோதனையில், ரத்தத்தில் சேரும் கழிவான கிரியாட்டினின் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மெஷினில் போட்டு எடுத்தால் யாருக்கும் அப்படித்தான் இறங்கும், இரண்டு நாளில் ஏறிவிடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? அந்த ஞாயிறு, கர்த்தர் செய்ததைச் சபை முன்னால் சொல்லும் சாட்சி நேரத்தில் முதல் ஆளாக எழுந்துவிட்டேன். "கர்த்தர் எங்கப்பாவ பூரணமா சுகமாக்கிட்டார்" என்றேன். பெருங்களத்தூர் மாடிச் சபை முழுக்கக் கைதட்டியது. ஆண்கள் வரிசையில் நீங்கள் மட்டும் குனிந்திருந்தீர்கள்.

செவ்வாய்க்கிழமை நர்ஸ்தான் விளக்கிச் சொன்னார். திரும்பி வரும்போது மின்சார ரயிலில் நீங்கள்தான் பேச்சை எடுத்தீர்கள்.

"சாட்சிய வாபஸ் வாங்கிடலாம்மா பியூலா. கர்த்தர் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டார்."

நான்தான் கோபித்துக்கொண்டேன். நான் பாடம் எடுக்கும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் முகத்தில் எப்படி விழிப்பது என்று உங்கள் மேலேயே எரிந்து விழுந்தேன். நீங்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். அப்புறம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அன்றிலிருந்து முழுக்கைச் சட்டை. ஊசி குத்திய இடத்துக் கட்டு வெளியே தெரியக் கூடாதே. மே மாத வெயிலில் மணிக்கட்டு வரை பித்தான் போட்டுக்கொண்டு வந்தீர்கள். தாம்பரத்தில் சபை ஆட்கள் யாராவது ஏறினால் ரிப்போர்ட் உறையைப் பைக்குள் திணித்துவிடுவேன்.

அப்புறம் அந்த உபவாசக் கூட்டம். வியாழனும் வெள்ளியும் கூட்டம். வியாழன் உங்கள் டயாலிசிஸ் நாள். சுகம் பெற்றவர் என்று உங்களை முன்வரிசையில் உட்காரச் சொல்லியிருந்தார் பாஸ்டர் ஐயா. "போய்ட்டு மத்தியானம் வந்துடலாமேம்மா" என்றீர்கள். "சனிக்கிழமை பாத்துக்கலாம்பா" என்றேன். வெள்ளி மாலை உபவாசம் முடித்து வைக்க ஒரு சிஸ்டர் அன்பாக எல்லோருக்கும் இளநீர் கொடுத்தார். உங்களுக்கு இளநீர் ஆகவே ஆகாது, இதயமே நின்றுவிடலாம் என்று டயாலிசிஸ் அறைச் சுவரிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். சுகமான மனிதர் எப்படி வேண்டாம் என்பார்? நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் தரையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை காப்பிக்கு நீங்கள் எழுந்திருக்கவில்லை.

அதனால்தான் என்று டாக்டர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் குடித்தீர்களா அப்பா? சபையில் எல்லோரும், "சுகமாகி, நிம்மதியா போய்ட்டார்" என்றார்கள். நான் தலையாட்டினேன். அப்புறம் ஜெபிக்க முழங்காலில் நின்றால் எனக்கு வார்த்தையே வராது. ஆனால் ஒரு ஞாயிறுகூட ஆராதனையைத் தவறவிட்டதில்லை. அதை விசுவாசம் என்று ஊர் நினைத்தது. பாதி பயம்தான்.

இனி ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். ஜெயா அக்காவை நினைவிருக்கிறதா? சபைக்குப் பின்தெருவில் இட்லிக் கடை போட்டிருப்பவர். அவர் வீட்டுக்காரருக்கும் இப்போது டயாலிசிஸ், அதே ஆஸ்பத்திரியில். மாடிப்படியில் என்னைப் பிடித்து நிறுத்தி ஒரு ரிப்போர்ட்டை நீட்டினார்.

"பியூலா, இத்த பாரேன், எம்மாம் கொறஞ்சி கீது! ஒங்கப்பாவுக்கு ஆன மாறியே! இன்னிக்கி சாட்சி சொல்லப் போறேன். செவ்வாக்கெயம மிசினும் வோணாம்னு அவராண்ட சொல்ட்டேன்."

ரிப்போர்ட்டில் நேரம் அச்சாகியிருந்தது. டயாலிசிஸ் முடிந்த பிறகு எடுத்தது. "அக்கா..." என்று ஆரம்பித்தேன். மேலே ஆராதனை தொடங்கிவிட்டது. அவர் ஓடிவிட்டார்.

ஒன்றரை மணி நேரம் என்ன பாடினார்கள், என்ன பிரசங்கித்தார்கள், எதுவும் காதில் விழவில்லை. சொன்னால் அம்மாவை யார் மதிப்பார்கள்? நீங்கள் பொய்யர் ஆகிவிடுவீர்களே? சொல்லாவிட்டால் செவ்வாய்க்கிழமை அந்த மனிதர் வீட்டிலேயே படுத்திருப்பார்.

"சாட்சி உள்ளவங்க வரலாம்" என்றார் பாஸ்டர் ஐயா. ஜெயா அக்கா எழுந்தார். நான் அவருக்கு முன்னால் போய் மைக்கைப் பிடித்துக்கொண்டேன்.

"எங்கப்பா சுகமாகல. நான் சொன்னது தப்பு. கடைசி வாரம் வரைக்கும் டயாலிசிஸ் பண்ணிட்டுத்தான் இருந்தார். அக்கா, அது மெஷின் கொறச்சது. மறுபடியும் ஏறிடும். தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க."

ஜெயா அக்கா முகம் சிவந்துபோய், "என் விசுவாசத்த கெடுக்க வந்தியா நீ?" என்று கத்தினார். பாஸ்டர் ஐயா மைக்குக்குக் கை நீட்டினார். அப்போது பெண்கள் வரிசையில் அம்மா எழுந்தார். "அவ சொல்றது நெஜம். சட்டையில ரத்தக்கறைய தொவச்சவ நான்" என்றார். அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். நான் வாய்விட்டு அழுதேன்.

இன்று செவ்வாய். இதை டயாலிசிஸ் அறை வாசலில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஜெயா அக்காவும் வீட்டுக்காரரும் வருவார்களோ மாட்டார்களோ என்று ஏழு மணியிலிருந்து லிஃப்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். எட்டரைக்கு வந்தார்கள். அரைக்கைச் சட்டையில், கையைத் தாங்கிப் பிடித்தபடி அந்த அண்ணன் உள்ளே போனார். ஜெயா அக்கா என்னைப் பார்க்கவேயில்லை. மூன்று நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். அரை மணி நேரம் கழித்து, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"சொகமும் ஆவல, ஒண்ணும் ஆவல. அப்ப ஒங்கப்பா உள்ள குந்திகினு இன்னா ஜெபம்தான் பண்ணுவாரு?"

சொன்னேன் அப்பா. ஊசி ஏறும்போது கண்ணை மூடிக்கொண்டு, நர்ஸுக்கே கேட்கும்படி ஒவ்வொரு முறையும் நீங்கள் சொல்வதைச் சொன்னேன். "ஆண்டவரே, நாலு மணி நேரம். கூட உக்காரும்."

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நான் எழுந்து பக்கத்து நாற்காலிக்குப் போனேன். அக்கா விலகிப் போகவில்லை.

உங்கள் சாட்சி இதுதான் அப்பா, நான் வேறொன்றைச் சொல்லிவிட்டேன். இனி நடக்காத எதையும் கர்த்தர் நடத்தியதாகச் சொல்ல மாட்டேன். வியாழனும் சனியும் இங்கே வருவேன், அக்கா பேசினாலும் பேசாவிட்டாலும். இன்னும் மூன்று மணி நேரம் இருக்கிறது. கூட உட்கார்ந்திருக்கிறேன்.

அன்று தரையைப் பார்த்த உங்கள் மகள்,
பியூலா