மாலை போட்ட வீட்டில் கிறிஸ்துமஸ்

நவம்பர் 9, ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து துணி துவைத்துக்கொண்டிருந்தேன். அனந்தபுரத்திலிருந்து தம்பி தங்கராஜ் போன். அவன் கூப்பிட்டாலே வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம். சோப்புக் கையோடு எடுத்தேன்.

"யக்கா, கிறிஸ்துமஸுக்கு நாங்க எல்லாரும் உன் வூட்டுக்கு வரோம். நைனாவும் வராரு. அவரேதான் சொன்னாரு."

நான் ராமகிருஷ்ணனை ரிஜிஸ்டர் ஆபீசில் கட்டிக்கொண்ட அன்றைக்கு, "அந்த வூட்டுப் படி ஏற மாட்டேன்" என்று சொன்னவர் என்னைப் பெற்ற நைனா. எட்டு வருஷமாக ஏறவில்லை. மாதா கோயில் திருவிழாவில் பார்த்தால் என் பிள்ளைகள் அனுவுக்கும் பாரதிக்கும் பலூன் வாங்கித் தருவார். என்னிடம் "நல்லாருக்கியா", அவ்வளவுதான். இவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

சாயங்காலம் இவர் வயரிங் வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். "நெஜமாவா?" என்று இரண்டு தடவை கேட்டார். டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்து வெளியே போய்விட்டார். சந்தோஷம் போல.

நவம்பர் 17, திங்கள்

கார்த்திகை ஒன்று. வேலைக்குப் போகிறேன் என்று விடியலில் போன மனுஷன் கறுப்பு வேட்டியும் கழுத்தில் துளசி மாலையுமாகத் திரும்பி வருகிறார். சபரிமலைக்கு மாலை போட்டுவிட்டாராம். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு மண்டலம் விரதம், ஜனவரியில் மலை.

அப்படியென்றால் கிறிஸ்துமஸ் விரதத்துக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. வீட்டில் கறி கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாது. முட்டை போடாமல் இன்னா கேக்கு?

எனக்குச் சாமிச் சண்டையெல்லாம் கிடையாது. மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு இவரோடு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். இவரும் ஞாயிற்றுக்கிழமை எங்களை மாதா கோயிலில் இறக்கிவிட்டு வேப்பமரத்தடியில் வண்டியோடு நிற்பார். என் கோபம் தேதியோடுதான். எங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் என்றால் காலையில் தோசையும் கறிக்குழம்பும், மத்தியானம் பிரியாணி. எட்டு வருஷம் கழித்து வருகிற நைனாவுக்கு நான் பூசணிக்காய் சாம்பாரா ஊற்றுவேன்?

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். பக்கத்துத் தெருவிலிருந்து நாத்தனார் ஜெயக்கொடி அண்ணி அதற்குள் வந்துவிட்டார். "சாமியத் திட்டக் கூடாது அமலா. குடும்பத்துக்கு ஆகாது. இனிமே நீயும் சாமின்னுதான் கூப்பிடணும்."

நவம்பர் 18

இன்றும் திட்டவில்லை. திட்ட முடியாதே. இங்கே எழுதி வைக்கிறேன்: மடையன்.

நவம்பர் 30, ஞாயிறு

குடில் கட்டினோம். கட்டினேன் என்று எழுத வேண்டும். பிள்ளைகள் கலைத்தார்கள். குடிலில் பச்சைப் புல்லாக முளைக்கட்டும் என்று கேழ்வரகு தூவி வைத்திருந்த தட்டில் பாரதி ஒரு சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துவிட்டான். மூன்று வயசுப் பிள்ளையை என்ன சொல்வது? ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் அவனுடைய பிளாஸ்டிக் புலி வேறு நிற்கிறது. எடுத்தால் அழுகிறான். "சாமி புலிமேலதான் வரும்" என்கிறான். எந்தச் சாமி என்று கேட்கவில்லை. கேட்டால் இரண்டு பக்கமும் பஞ்சாயத்து வரும்.

வாசலில் ஸ்டாரை இவர்தான் கட்டினார். கறுப்பு வேட்டியும் நெற்றியில் சந்தனமுமாக ஏணி மேல் நின்று ஒருத்தர் கிறிஸ்துமஸ் ஸ்டாருக்கு வயர் இழுத்தால் போகிற வருகிறவன் நிற்கத்தானே செய்வான்? அனு ஏணியைப் பிடித்துக்கொண்டு, "சாமி, இன்னும் கொஞ்சம் லெப்ட்டு" என்று கத்துகிறாள். நல்ல வேளை, தங்கராஜ் அந்தப் பக்கம் வரவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

இன்றைக்குக் கேட்டே விட்டேன். பிள்ளைகள் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சமையற்கட்டுக்கு இவரைக் கூப்பிட்டு, "எல்லா வருஷத்தையும் வுட்டுட்டு இந்த வருஷம் இன்னாத்துக்கு சாமி மாலை?" என்றேன். குரல் தணிவாகத்தான். சாமியாயிற்றே.

அடுப்பைத் தணித்து வைத்தார். அப்புறம் சொன்னார்.

"பாரதி பொறந்தநாளுக்கு உங்கப்பா தெருமுனை வரைக்கும் வந்தாரு. வண்டிய நிறுத்திட்டு நம்ம வூட்டையே பாத்துட்டுத் திரும்பிப் போயிட்டாரு. நான் மாடியிலேந்து பாத்தேன். உன்கிட்ட சொல்லல. அன்னைக்கு வேண்டிக்கினேன். அவரு நம்ம படி ஏறினா மாலை போடறேன்னு."

"அவரு இன்னும் ஏறலையே."

"வரேன்னு சொல்லிட்டாரு இல்ல. உங்கப்பா சொன்னா செய்வாரு."

இந்த மனுஷனை நான் என்ன செய்ய? வேண்டுதல் பலித்த பிறகு மாலை போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். பலிக்கும் முன்பே கடனை அடைக்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன். நைனா வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, நைனா வந்தால் ஒரு வாய் கறி போட முடியாதபடி பண்ணி வைத்திருக்கிறார். கோபம் வந்தால் முழுசாகக் கோபப்படவும் விடமாட்டார். கண் கலங்கிவிட்டது. வெங்காயம் நறுக்காமலே.

டிசம்பர் 11

வீட்டுக்கு விலக்காகி மூன்று நாளாகப் பின்கட்டு அறையில் இருக்கிறேன். சமையல் ஜெயக்கொடி அண்ணி. நான் தொட்ட சொம்பு தனியாக நிற்கிறது. நான் வேலை பார்க்கிற மெடிக்கல் ஷாப்பில் என் கையால் எடுத்துக் கொடுக்கிற மாத்திரையை ஊரே வாங்கி விழுங்குகிறது, அங்கே ஒரு தீட்டும் இல்லை.

டிசம்பர் 16, செவ்வாய்

தங்கராஜ் போன். நைனா கறிக்கடையில் ஒரு முழுத் தொடைக்குச் சொல்லி வைத்துவிட்டாராம். மகள் வீட்டுக்கு முதல் முதலில் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாதாம்.

"மாமா மாலை போட்டுக்கினு இருக்காருன்னு உன்கிட்ட சொன்னத நைனாகிட்ட சொல்லிட்டியாடா?"

"நானா? ஆள வுடு. நீயே சொல்லிடு."

சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். சொன்னால் "அப்ப சரி, அடுத்த வருசம் பாத்துக்கலாம்" என்பார். நைனாவை எனக்குத் தெரியும். இந்த வருஷம் விட்டால் அடுத்த வருஷம் என்று ஒன்று இல்லை. போன மாசம் மயக்கம் வந்து நிலத்தில் விழுந்திருக்கிறார். அதை அம்மா என்னிடம் மறைத்தாள், இதை நான் அவர்களிடம் மறைக்கிறேன். நல்ல குடும்பம்.

டிசம்பர் 19, வெள்ளி

அமாவாசை. மேல்மலையனூர் பஸ்ஸெல்லாம் தொங்கிக்கொண்டு போகிறது. கடையிலிருந்து வீட்டுக்கு வருவதற்குள் உயிர் போய்விட்டது. வந்து பார்த்தால் அங்காளம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்த ஜெயக்கொடி அண்ணி தீர்ப்போடு உட்கார்ந்திருக்கிறார்.

வாடகைப் பாத்திரம் எடுத்து, பின்பக்கம் வெளியில் அடுப்பு வைத்துக் கறி ஆக்கிக்கொள்ளலாம். அன்றைக்குப் பகல் முழுக்க சாமி வீட்டில் இருக்கக் கூடாது, மாலை போட்ட சாமிகளுக்குச் சாப்பாடு போடுகிற பஜனை மடத்தில் இருக்க வேண்டும். மறுநாள் மஞ்சத்தண்ணி தெளித்து வீட்டைக் கழுவ வேண்டும். யார் கழுவுவது? கேட்பானேன்.

இவர் உடனே சரி என்றார். அண்ணி போனதும் பிடித்துக்கொண்டேன். "மொத மொத மாமனார் வரும்போது வூட்டு ஆம்பள இல்லன்னா இன்னா நினைப்பாரு? பயந்துக்கினு ஓடிட்டான்னு சொல்ல மாட்டாரா?"

"அவரு வரது உன்னப் பாக்க. பேரப்புள்ளைங்களப் பாக்க. என்னப் பாக்கவா வராரு? நான் இல்லன்னா அவருக்கும் நிம்மதியா ரெண்டு வாய் எறங்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை.

டிசம்பர் 24, புதன்

அனுவின் புது கவுன் இடுப்பில் பிடிக்கிறது. குழந்தை இயேசுவைக் காணோம். நள்ளிரவுப் பூசை முடிந்து வந்துதான் குடிலில் வைக்க வேண்டும், அதுவரை அலமாரியில் இருக்கட்டும் என்று சொன்னது எந்தக் காதில் ஏறியது? தேடித் தேடி, கடைசியில் பாரதியின் டிராயர் பாக்கெட்டிலிருந்து எடுத்தேன். பேக்கரியில் முட்டையில்லாத கேக் கிடைத்தது. ரப்பர் மாதிரி இருக்கிறது. முதுகு விட்டுப்போகிறது. நாளைக்கு நைனா வருகிறார்.

டிசம்பர் 25, வியாழன், சாயங்காலம்

எல்லாரும் போய்விட்டார்கள். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூக்கம் வராது.

இவர் விடியலிலேயே மடத்துக்குப் போய்விட்டார். வெளி அடுப்பில் புகையைத் தின்றுகொண்டு நான் ஒருத்தியாக எல்லாவற்றையும் ஆக்கினேன். பத்தரைக்கு வந்தார்கள். தங்கராஜும் அவன் பெண்டாட்டியும் பசங்களும் ஆட்டோவில். அம்மாவைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நைனா தன் மொபெட்டில், ஹேண்டில்பாரில் கறிப் பையோடு.

வாசலில் நின்று ஸ்டாரைப் பார்த்தார். செருப்பைக் கழற்றினார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு படி ஏறிவிட்டார். எட்டு வருஷம் அடம் பிடித்த மனுஷன், ரேஷன் கடைப் படி ஏறுவது போல ஏறிவிட்டார். நான்தான் கரண்டியும் கையுமாக வழி விடாமல் நின்றேன்.

கறியை வாங்கிப் போட்டு அதையும் வேகவைத்து, இலை போட்டு எல்லாரையும் உட்காரவைத்தேன். நைனா இலையில் கறியை வைத்தேன். அவர் இலையைத் தொடவில்லை.

"எங்க உன் வூட்டுக்காரரு?"

"வேலைக்குப் போயிருக்காரு நைனா."

"கிறிஸ்துமஸ் அன்னைக்கு இன்னா வேல?"

நான் பதிலைத் தேடிக்கொண்டிருந்தேன். அனு தேடவில்லை. "பொய் சொல்றாங்க தாத்தா. அப்பா மாலை போட்டிருக்காரு. நீங்க கறி துன்னணும்னு மடத்துக்குப் போயிட்டாரு. நீங்க வரணும்னு வேண்டிக்கினுதான் மாலையே போட்டாரு. சமையற்கட்டுல சொன்னாரு, நான் கேட்டேன்." டிவி பார்த்துக்கொண்டிருந்தவள்தான் இவள்.

நைனா என்னைப் பார்த்தார். "நெஜமா?"

தலையாட்டினேன். அவர் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு, மொபெட்டை உதைத்துக்கொண்டு, போயே போய்விட்டார். இலையில் கறி அப்படியே இருக்கிறது.

அம்மா அழ ஆரம்பித்தாள். தங்கராஜின் பசங்க ஒன்றும் நடக்காதது போல எலும்பு கடித்துக்கொண்டிருந்தார்கள். அனுவின் முதுகில் ஒன்று வைத்தேன், பண்டிகை நாளும் அதுவுமாக. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். இனி இந்த ஜென்மத்தில் வரமாட்டார். எதுக்குடா சாமி இந்தப் பண்டிகை, யாருக்குடா ஆக்கினேன்...

தேடப் போன தங்கராஜ் போன் பண்ணினான். ஒரு மாதிரிக் குரல். "யக்கா. நைனா மடத்துல இருக்காரு. பந்தியில மாமா பக்கத்துல உக்காந்துக்கினு ரசம் வாங்கிக்கினு இருக்காரு."

மூன்று மணிக்குத் தனியாகத் திரும்பி வந்தார். "சாப்புடுங்க நைனா" என்றேன். "வயிறு ரொம்பிடுச்சி" என்றார். இன்னா பேசினீங்க என்று கேட்டால், "இன்னா பேசறது? சாம்பார்ல உப்பு இல்ல" என்றார். அப்புறம் என்னைத் திட்டினார். ஆமாம், என்னைத்தான்.

"வருசா வருசம் நான் காவி கட்டிக்கினு வேளாங்கண்ணிக்கு நடக்கறேனே. அப்ப உங்கம்மா நம்ம வூட்ல கறி ஆக்குவாளா? விரதக்காரன வூட்ட வுட்டு அனுப்பிட்டு எனக்கு எல போடறியே, இன்னா பொண்ணு நீ? நான்தான் உன்ன இப்பிடி வளத்தேனா?"

புகையில் வெந்தது நான். பொய் சொன்னது நான். ஒரு மாசமாகத் தூங்காதது நான். திட்டும் எனக்கு. எட்டு வருஷம் கழித்து வந்த மனுஷன் என் கையால் ஒரு வாய் சாப்பிடவில்லை. போகும்போது பாரதிக்கு முத்தம் கொடுத்தார், என்னிடம் "வரேன்" என்றார். அவ்வளவுதான்.

இவர் இருட்டும் நேரத்துக்கு வந்தார், வாசலிலேயே நின்றார். "உங்கப்பா ரெண்டு தரம் ரசம் வாங்கினாரு" என்றார்.

டிசம்பர் 26

வீடு கழுவினேன். அண்ணி கட்டிலில் உட்கார்ந்து விட்டுப்போன மூலைகளைக் காட்டினார்.

ஜனவரி 4, ஞாயிறு

இருமுடி கட்டி மலைக்குக் கிளம்பிவிட்டார். அனந்தபுரத்திலிருந்து யாரும் வரவில்லை. வருவார்கள் என்று நானும் நினைக்கவில்லை. வாசல் பக்கம் நாலு தடவை போய்ப் பார்த்தது வேறு வேலையாக.

ஜனவரி 8, வியாழன்

நேற்று திரும்பி வந்து மாலையைக் கழற்றினார். இன்றைக்குக் காலையில் முதல் வேலையாக, சேர்த்து வைத்திருந்ததையெல்லாம் திட்டித் தீர்க்கலாம் என்று காபியோடு உட்கார்ந்தேன். இவர் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தவர் எழுந்து நின்றுவிட்டார். கட்டியிருந்த கைலியை இறக்கிவிட்டுக்கொண்டார்.

"சொல்லுங்க மாமா."

அந்த வார்த்தையை இவர் வாயில் நான் இதற்கு முன் கேட்டதில்லை. அந்தப் பக்கத்துக் குரல் போன் ஸ்பீக்கரைத் தாண்டிக் கேட்டது. நைனா எப்போதும் போனில் கத்தித்தான் பேசுவார்.

"மாலை கழட்டியாச்சா மாப்ள? ஞாயித்துக்கெழம பூச முடிச்சிட்டு நேரா வரேன். கறி நான் எடுத்தாறேன். நீ எங்கயும் போயிடாத. வூட்லயே இரு."

"இருக்கேன் மாமா."

குழம்பா வறுவலா என்று இரண்டு பேரும் பேசி முடிவு செய்தார்கள். மிளகு தூக்கலாக இருக்க வேண்டுமாம். ஆக்கப்போகிறவள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன், ஒருத்தரும் என்னைக் கேட்கவில்லை. நானும் பேசலாம் என்று கையை நீட்டினேன். அதற்குள் நைனா போனை வைத்துவிட்டார்.