ஆறு தடவை அலோ

சேசு மரி சூசை துணை

அன்புள்ள ஆன் மேரி அக்காவுக்கு, தம்பி ஜெரோம் வணங்கி எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? மாமா வேளைக்குச் சாப்பிடுறாரா? இந்தக் குஜராத்து டைல்ஸ் கம்பெனியில் நான் ராஜாதான். விருத்தாசலத்துப் பீங்கான் வேலைக்காரன்னா முதலாளியே எழுந்து நிப்பாரு.

போன வாரம் வருகைப் பதிவுக்குன்னு எல்லார் போன்லயும் ஒரு ஆப்பு ஏத்தினாங்க. ஆறு தடவை இங்கிலீஷில் "அலோ"ன்னு வந்துச்சு. எனக்குத் தெரியாத இங்கிலீஷா? மரியாதைக்கு ஆறையும் அழுத்தினேன். அது அலோ இல்லையாம், 'அலவ்'வாம். போன்ல இருக்கிறதை எல்லாம் எடுத்துக்கோன்னு அர்த்தமாம். ஊர்ல எடுத்து உன் மக ஜெசி போன்ல அனுப்பின என் நெஞ்சு எக்ஸ்ரே போட்டோவும் போயிடுச்சு. சூப்பர்வைசர் அதைக் காட்டி, "தூசு படிஞ்ச நெஞ்சு, சூளைப் பக்கம் வராதே"ன்னுட்டாரு. இப்போ வாசல் காவல், அதிகாரி மாதிரி நாற்காலி. அதுவும் மாசக் கடைசி வரைக்கும்தானாம்.

ஜெசியைத் திட்டாதே. போனை நம்பாமத்தான் காகிதத்தில் எழுதுறேன், இதை எந்த ஆப்பும் படிக்காது. கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் போன் பண்ணுவேன். ஆப்பு காதுல விழுந்துடும், இருமல் எப்படி இருக்குதுன்னு மட்டும் கேட்டுடாதே, அக்கா. சும்மா அலோன்னு சொல்லு, போதும்.

ஷிப்டு மணி அடிக்குது.

தம்பி ஜெரோம்