சனிக்கிழமை வீட்டுக்காரர்

மார்ச் 3, ஞாயிறு

வாயாடிக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. அதனால் எழுதுகிறேன். பஸ்ஸில் வழியெல்லாம் நின்றுகொண்டே வந்தேன். ரூமுக்கு வந்து சேர்ந்தாயிற்று.

இந்தப் பம்ப் ஸ்டேஷனில் எனக்குக் கிடைக்கிற ஒரே லீவு சனிக்கிழமை. அதற்காக வெள்ளிக்கிழமை விழுந்தடித்துக்கொண்டு ஓடி வருகிறேன். வெள்ளி பொழுது சாய்ந்தால் உன் சபைக்கு ஓய்வுநாள், மறுநாள் பொழுது சாயும்வரை ஒரு வேலையும் கூடாது. வந்தால் அடுப்பு அணைந்திருக்கிறது, சாப்பாடு ஆறியிருக்கிறது, மறுநாள் மத்தியானம் வரை நீ சபையில். சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. நீ இல்லாத நேரத்தில் வாஷர் மாற்றினேன். அது ஒரு குற்றமா? ஸ்பேனரைப் பார்த்ததும் இழவு விழுந்த மாதிரி அழுதாயே! குழியில் விழுந்த ஆட்டை ஓய்வுநாளில் தூக்கிவிடலாம் என்று இயேசுவே சொல்லியிருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சைச் சேர்ந்தவன்தான், ஆனால் பைபிள் எனக்கும் தெரியும்.

நான் உனக்குப் புருஷனா, விருந்தாளியா? அதை மட்டும் சொல்.

உன் ஃபிட்டர்


மார்ச் 7, வியாழன்

அன்பான வீட்டுக்காரருக்கு,

குழாய் ஆடு இல்லைங்க. ராத்திரி பூரா சொட்டினா ஒரு வாளி நிறையும். குடி முழுகிப் போயிடாது.

ஆஸ்பத்திரி சலவைல ஆறு நாளும் ஊரார் ரத்தத்தையும் வாந்தியையும் அலசிட்டு வர்றேன். வெள்ளிக்கிழமை பொழுது சாயறதுக்குள்ள சமைச்சு, கூட்டிப் பெருக்கி, ரெண்டு பேர் துணிக்கும் இஸ்திரி போட்டு வைக்கிறேன். எதுக்கு? மறுநாள் என் கை சும்மா இருக்கணும். அந்தக் கையோட உங்க பக்கத்துல உட்காரணும்னு எனக்கு ஆசை. நீங்க என்னடான்னா வந்ததும் ஃபேனைப் பார்க்கிறீங்க, கூரையைப் பார்க்கிறீங்க, கதவுக் கீலை ஆட்டிப் பார்க்கிறீங்க. என்னைத்தான் பார்க்கிறதில்ல. கல்யாணமாகி பதினோரு வருஷம் ஆச்சு, உங்களுக்கு இன்னும் உட்காரத் தெரியல.

இந்தச் சனிக்கிழமை வாங்க. ஒண்ணும் செய்யாம இருந்து காட்டுங்க பார்ப்போம்.

வாயாடி


மார்ச் 11, திங்கள்

வாயாடிக்கு,

வந்தேன். உட்கார்ந்தேன். பார்த்தாய் அல்லவா?

உன்னோடு சபைக்கும் வந்தேன். பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. நல்ல மனுஷன். வீட்டுக்கு வந்து மறுபடி உட்கார்ந்தேன், இடுப்பு விட்டுப்போயிற்று. "என்ன யோசிக்கிறீங்க?" என்று எத்தனை தரம் கேட்டாய்? "பசிக்குதா, தலையணை வேணுமா, கோபமா?" என்று எத்தனை தரம்? ஓய்வு எனக்கும் இல்லை, உனக்கும் இல்லை. பொழுது சாய்ந்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுந்தோம், பரீட்சை மணி அடித்த பிள்ளைகள் மாதிரி.

இனிமேல் சனிக்கிழமை ஓவர்டைம் பார்க்கிறேன். நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை இங்கே வா. என் ஷிப்ட் முடிந்ததும் சூடாகச் சாப்பிடலாம்.

உன் ஃபிட்டர்


மார்ச் 15, வெள்ளி

அன்பான வீட்டுக்காரருக்கு,

பொழுது சாயறதுக்குள்ள முடிக்கணும், அதனால சுருக்கமா எழுதுறேன்.

ஞாயித்துக்கிழமை என்னால வர முடியாது. சனிக்கிழமை லீவு கொடுத்தா வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை நான் வேலைக்கு வர்றேன்னு சூப்பர்வைசரம்மாகிட்ட வாக்குக் கொடுத்திருக்கேன். மூஞ்சியைத் தூக்கி வச்சுக்காதீங்க.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன். சனிக்கிழமையை விட்டுடுன்னு என்கிட்ட சொல்லிடாதீங்க. நீங்க சொன்னா விட்டாலும் விட்டுடுவேன். அப்புறம் சாகிற வரைக்கும் உங்களை மன்னிக்க மாட்டேன். எனக்கு அதுதான் பயம்.

வாயாடி


ஏப்ரல் 7, ஞாயிறு

வாயாடிக்கு,

நேற்று ஓவர்டைம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, உன்னிடம் சொல்லாமல் வந்தேன். மாடிப்படி ஏறும்போதே ஜன்னல் வழியாகத் தெரிந்தாய். ஒரு நாற்காலியில் நீ, இன்னொன்றில் உன் கால்கள், மடியில் பைபிள். வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாய்.

நீ அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் வீட்டில் இருந்தால் உனக்கு ஒரு கண் விழித்தே இருக்கும், எப்போது தண்ணீர் கேட்பேனோ என்று. தட்டுவதற்குக் கையைத் தூக்கினேன். தட்டினால் முடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து "சாப்பிட்டீங்களா?" என்பாய். உன் வேலை ஆரம்பித்துவிடும். வந்த வழியே இறங்கிவிட்டேன்.

நானும் உனக்கு ஒரு வேலை. எனக்கு இப்போதுதான் புரிந்தது. வயிறு எரிந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் உன் மேல் கோபம் இல்லை. சனிக்கிழமையை நீயே வைத்துக்கொள். இனி நான் வரவில்லை. எப்போதாவது இரண்டு வரி எழுது, போதும்.

ஃபிட்டர்


ஏப்ரல் 14, ஞாயிறு

அன்பான வீட்டுக்காரருக்கு,

உங்க கடிதம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தது. நேத்து சபைல உட்கார்ந்துகிட்டு மனசுக்குள்ள பதில் எழுதிக்கிட்டே இருந்தேன். பிரசங்கம் ஒரு வார்த்தை காதுல ஏறல. எழுதறதும் அடிக்கறதும் கிழிக்கறதுமா பொழுது போச்சு. நீங்க வாஷர் மாத்தினதுக்கு அப்படி அழுத மகராசி நான், என் ஓய்வுநாளை நானே கெடுத்துக்கிட்டேன்.

நீங்க பார்த்தது நிஜம். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன். நீங்க வராத சனிக்கிழமைங்கள்ல நான் நிம்மதியாத்தான் தூங்கினேன். தூங்கி எழுந்ததும் உங்களை நினைச்சேன், அதுவும் நிஜம். நீங்க எனக்கு வேலைதான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமா இருக்கு, ஆனா சொல்லிடறேன்.

ஆனா பைபிள் தெரியும்னீங்களே, பாதிக் கட்டளையோட நிறுத்திட்டீங்க. ஏழாம் நாள் ஓய்ஞ்சிருன்னு சொன்னவர்தான் ஆறு நாளும் வேலை செய்யணும்னும் சொல்லியிருக்காரு.

வியாழக்கிழமை லீவு வாங்கிட்டேன். முதல் பஸ்ல அங்க வர்றேன்.

வாயாடி