அடிக்காமல் விட்ட வரி

அன்பு மகள் சில்வண்டுக்கு, சித்தப்பா எழுதுவது. இங்கே ஒருவரைத் தவிர எல்லோரும் நலம், அந்த ஒருவரும் நலமாக வேண்டும் என்றுதான் இந்தக் கடிதம், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், நடந்தது எதுவும் எனக்குப் புதிதில்லை, எல்லாம் நான் முன்கூட்டியே சொன்னதுதான். உன் அப்பாவின் குரல் கம்மியபோதே இது சளி இல்லை, வேறு சமாச்சாரம் என்று என் சட்டைப்பை டைரியில் எழுதிவைத்தேன். உன் அம்மா அந்தப் பக்கத்தைப் பார்த்துவிட்டு, நாளைக்கு மழைன்னுந்தான் எழுதியிருக்கீங்க தம்பி, வந்துச்சா என்று கேட்டார். ஒன்று தப்பினால் என்ன, மற்றது பலித்ததே. அதுவும் தப்பியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பதறாமல் உட்கார்ந்து படி. உன் அப்பாவின் தொண்டையில் ஒரு கட்டி, கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள், முடிவு நல்லதாக வரவில்லை. குரல்பெட்டியையே எடுத்துவிட்டால் ஆள் பிழைத்துக்கொள்வார் என்கிறார் டாக்டர். பெரிய படிப்புப் படித்தவர்தான், ஆனாலும் என்னைக் கலக்காமல் ஒரு முடிவும் எடுப்பதில்லை, நான் மட்டும் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு லீவு கொடுக்காமல் இருந்திருந்தால் அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருப்பார் என்று சொல்லவேண்டியதில்லை. அடுத்த மாதம் முதல் திங்கட்கிழமை ஆபரேஷன். ஆள் இருப்பார், குரல் இருக்காது. பழச்சந்தையில் அவர் ஏலம் கூறினால் நாலு தெரு தாண்டி பஸ் நிற்கும், கண்டக்டர் கத்துகிறார் என்று நினைத்து டிரைவர் பிரேக் போட்டுவிடுவார், இது ஊரே அறிந்தது. அந்தக் குரல்தான் போகப்போகிறது.

கிள்ளி எடுத்த அன்றே, வாயைத் திறக்கக்கூடாது, கிசுகிசுன்னு பேசுறது அதைவிடக் கெடுதல் என்று நர்ஸம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், அதனால் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்திலேயே, கோடு போட்டதை எவன்டா வாங்கச் சொன்னான் என்று எழுதித் திட்டினார். நாங்கள் வாயால் கேட்கிறோம், அவர் நோட்டில் பதில் சொல்கிறார், ஆகையால் நோட்டு முழுக்க ஒரு பக்கப் பேச்சுதான், அடுத்த வீட்டுக்காரர் போன் பேசுவதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்ட மாதிரி. உப்பு இல்லை. ஜன்னலைச் சாத்து. அவன் சொல்றதுல பாதி புளுகு. கடைசியில் சொன்னது என்னைப் பற்றி. சண்டை என்றால் எழுத்து பெரிதாகிறது, பேனா காகிதத்தைக் கிழிக்கிறது. உன் அம்மாவுக்குக் கோபம் வந்தால் நோட்டைப் பிடுங்கி அலமாரி உச்சியில் வைத்துவிடுகிறார், மனிதர் பேச்சற்று நிற்கிறார். முதல் தடவை பார்த்து நான் சிரித்தேன், இரண்டாம் தடவை சிரிப்பு வரவில்லை.

நோட்டிலும் சந்தைப் பழக்கம் அவரை விடவில்லை. சின்ன வயதில் பெட்டிமேல் உட்கார்ந்து நீ பார்த்ததுதான், ஏல நோட்டில் குமாஸ்தா விலையை எழுதுவார், உன் அப்பா பார்த்து ஒப்பவில்லை என்றால் குறுக்கே ஒரு கோடு. கோடு விழுந்தால் அந்த விலை செத்தது, கோடு விழாமல் பக்கம் புரண்டால் நின்றது, அப்புறம் யார் வந்து காலைப் பிடித்தாலும் மாற்றமில்லை. இந்த நோட்டிலும் அப்படியே, தப்பானதை எல்லாம் அடிக்கிறார், நான் எழுதியதைக்கூட விடுவதில்லை. தம்பியின் அறிவை டாக்டர் மெச்சினார் என்று ஓர் ஓரத்தில் எழுதிவைத்தேன், இரண்டு கோடு போட்டார்.

இனிமேல்தான் விஷயம். போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, புண் ஆறிடுச்சு, மெதுவா பேசலாம், பேச வேண்டியவங்ககிட்ட இப்பவே பேசிடுங்க என்றார். அன்றிலிருந்து நாங்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், திறக்கவில்லை, இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார். உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே ஒரு தடவை என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்க, காதுல வெச்சுக்கறேன் என்று கெஞ்சினார், அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். மகளிடம் சொல்லட்டுமா என்று நான் கேட்டதற்கு, வேண்டாம் என்று எழுதினார். தன்னைக் கேட்காமல் தூரதேசத்து வேலைக்குக் கையெழுத்துப் போட்டாய் என்ற கோபத்தில், நீ கிளம்பிய அன்று வாசலில் நின்று அவர் சொன்னது உனக்கும் மறந்திருக்காது. போ, இனிமே என் குரல் உன் காதுல விழாது என்றார். நீயும் அதே ரத்தம், இத்தனை காலமாக அம்மாவோடு மட்டும் பேசிவிட்டு, அப்பா எங்கே என்றுகூடக் கேட்காமல் வைத்துவிடுகிறாய். வாய்தவறி வந்த சொல் இப்போது தேதி குறித்துக்கொண்டு நிற்கிறது.

ஆனால் கேள். நேற்றுக் காலை, அந்த வேண்டாம் என்பதற்குக் கீழே உன் அப்பா ஒரு வரி எழுதினார். அவ கூப்பிட்டா பேசுறேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், எழுதும்போது மூக்கை உறிஞ்சினார், ஜன்னல் வெயில் அந்த வரிமேல் மட்டும் வந்து விழுந்தது.

ஆகவே இது கையில் கிடைத்ததும் கூப்பிடு. போனில் சொன்னால் நீ பாதியில் வைத்துவிடுவாய் என்றுதான் கூரியரில் அனுப்புகிறேன், கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே கிடக்கும். அவர் திட்டினால் குறுக்கே பேசாதே, முழுவதையும் கேட்டுக்கொள், திட்டவாவது குரல் வரட்டும். அழாதே, நீ அழுதால் அவர் பேச்சை நிறுத்திவிடுவார். முடிந்தால் ஒரு தரம், ரெண்டு தரம் என்று ஏலம் கூறச் சொல், உன் அம்மா கதவோரம் நின்று கேட்டுக்கொள்வார். கடைவாய்ப் பல்லை டாக்டரிடம் காட்டினாயா, தள்ளிப்போடாதே. தொட்டதெல்லாம் துலங்க, நோய் நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு முன்பே, மறந்துவிடாதே.

கையெழுத்துப் போடலாம் என்று பேனாவை ஊன்றினால் ஓடமாட்டேன் என்கிறது. அந்த வரியை உன் அப்பா எழுதவில்லை மகளே. அவர் குளிக்கப் போனபோது அவர் எழுத்தைப் போலவே நான் எழுதினேன். மற்றதில் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம், இது ஒன்றுதான் முழுப்பொய். துண்டோடு வந்தார், நோட்டையும் பேனாவையும் எடுத்தார், படித்தார், என்னைப் பார்த்தார். பேனா அவர் கையில்தான் இருந்தது. நான் இரண்டு கோட்டுக்குத் தயாராக நின்றேன். வெகுநேரம் கழித்துப் பக்கத்தைப் புரட்டிவிட்டு, ஜன்னலைத் திற என்று எழுதினார். இன்று காலை திருட்டுத்தனமாகத் திருப்பிப் பார்த்தேன், இன்னும் கோடு விழவில்லை.

இப்படிக்கு,
பதிலுக்கு அல்ல, உன் போனுக்குக் காத்திருக்கும்
சித்தப்பா