சிந்தமானு வீட்டுப் புத்தகங்கள்

மாசி 20, வியாழன்

விடியற்காலையில் குளிர். பத்து மணிக்கு மேல் சுள்ளென்று வெயில். மலை முழுக்கப் புளி உலுக்குகிறார்கள். பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை, எல்லாம் மரத்தடியில். வீட்டுக்கார அம்மா காளியம்மா வாசலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் புளி தட்டுகிறாள். என் சேலை, தலையணை எல்லாம் புளி வாசனை.

ஒன்றாம் வகுப்பு: வருஷம் முடியப் போகிறது, இன்னும் கொம்பு வரவில்லை. செடி என்று எழுதச் சொன்னால் சடி. தெரு தரு ஆகிவிட்டது.

மண்ணெண்ணெய் வாங்க வேண்டும். சிவப்பு மை. அப்பாவுக்குப் பதில் எழுத வேண்டும். என்ன எழுத?

அப்பா எழுதியது மூன்றே வரி. சிந்தமானு வீட்டுப் பெண் சிந்தமானு வீட்டுக்கே மருமகளாகப் போன சரித்திரம் இல்லையாம். பங்குனிக்குள் வேறு இடம் முடித்துவிடுவாராம். உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

ஏன் முகம் இப்படி என்று காளியம்மா விடாமல் கேட்டாள். சொன்னேன். எங்கள் ஜனங்கள் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள், ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு இண்டிபேரு உண்டு, எங்களுடையது சிந்தமானு, நான் கட்டிக்கொள்ள நினைக்கிற ர. வீட்டுக்கும் அதே பெயர். பெயர் ஒன்றானால் பங்காளி. முன்பின் பார்த்ததே இல்லை என்றாலும் அண்ணன் தங்கை. கட்டிக்கொள்ள முடியாது. சிந்தமானு என்றால் என்ன என்று கேட்டாள். புளியமரம் என்றேன். தட்டுக்கட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள், பாவி.

"இந்தப் புளியமரமா டீச்சர் குறுக்க நிக்குது? புடிச்சிருந்தா அவரோட போய்டு. அப்பால ஊர்ல பேசிக்கலாம்."

இவர்கள் மலையில் ஓடிப்போன பிறகு ஊர் கூடி அப்படித்தான் பேசி முடிக்கிறார்கள். நான் மலைமேல் வேலை பார்க்கிறவள், மலைக்காரி இல்லை.

மாசி 22, சனி

வாணியம்பாடி. ஆலங்காயம் வரை நின்றுகொண்டே பயணம். கால் வீக்கம்.

பழைய புத்தகக் கடை பாய் எனக்காக ஒரு கட்டு எடுத்து வைத்திருந்தார். அட்டையிலோ உள்ளேயோ சிந்தமானு என்று கண்ணில் பட்டால் தனியாக வையுங்கள் என்று பொங்கலுக்கு முன்பே சொல்லியிருந்தேன். இரண்டு சிந்தமானு இருந்தது என்று எங்காவது ஒரு வரி கிடைத்தால் போதும். வேறு வேறு மரம், வேறு வேறு குடும்பம். அதற்குத்தான் இந்த அலைச்சல்.

இதுவரை சேர்ந்தவை:

சிந்தமானு வேங்கடப்பாவின் தெலுங்கு பஜனைப் பாட்டு. அட்டை போய், ராமர் பாதி மட்டும்.

சிந்தமானு நரசிம்மலு எழுதிய மாட்டு வைத்தியம். கோமாரிக்கு உதவும், எனக்கு உதவாது.

பயில்வான் சிந்தமானு கோவிந்து சரித்திரம். எழுதியது அவருடைய மச்சான். அதனால் தோற்ற குஸ்தி ஒன்றுகூட இல்லை.

ஒரு கிணற்று வழக்கு, சின்னப் புத்தகமாக அச்சுப் போட்டது. இரண்டு பக்கமும் சிந்தமானு!!

சிந்தமானு ராஜம்மாவின் சமையல் புத்தகம். இன்று வந்தது.

எதற்கு என்று பாய் இத்தனை நாள் கேட்டதில்லை. இன்று கேட்டார். சொன்னதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எங்கள்ல சித்தப்பா பொண்ணையே கட்டிக்குவோம். ஒங்களுக்கு பேரு ஒண்ணா இருந்தாலே ஆவாதா? இன்னா டீச்சர் இது."

டீ வரவழைத்துக் கொடுத்தார். அவருடைய கடையில் அழுதுவிடுவேனோ என்று பயம். சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

மாசி 23, ஞாயிறு

ர. வந்தார். இதே மலையில் நட்சத்திரம் பார்க்கிற பெரிய டெலஸ்கோப்பில் அவருக்கு மெக்கானிக் வேலை. வானம் தெளிவாக இருக்கிற மாதம், அதனால் லீவு கிடைப்பதில்லை என்றார். தூக்கம் இல்லாமல் கண் சிவந்திருந்தது. காளியம்மா வாசலைவிட்டு நகரவில்லை, புளி தட்டுகிற சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் முன்னால் பஸ்ஸில் இவருடைய டிரங்குப் பெட்டியில் 'சிந்தமானு' என்று வெள்ளை பெயிண்டில் பார்த்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம். இந்த மலையில் நம் வீட்டுப் பெயர்! நானே வலியப் போய்ப் பேசினேன். அந்தப் பெட்டியை அன்றைக்குத் திருப்பி வைத்திருக்கக் கூடாதா?

புத்தகங்களைக் காட்டினேன். வேங்கடப்பா குடும்பம் கர்னூல் பக்கத்திலிருந்து வந்தது, நரசிம்மலு குடும்பம் கோலாரிலிருந்து. பயில்வானுக்கு ஏதோ ராஜா கொடுத்த புளியந்தோப்பு. எந்த ஊரில் புளியமரம் இல்லை? மரத்தடியில் குடியிருந்தவன் எல்லாம் சிந்தமானு. வழக்கில் இரண்டு கட்சியும் நாங்கள் பங்காளிகளே இல்லை என்று சத்தியம் செய்திருக்கிறார்கள். அப்புறம் என்ன?

ர. எல்லாவற்றையும் புரட்டினார். மாட்டு வைத்தியத்தை மட்டும் கவனமாகப் படித்தார். அம்மாவிடம் பேசுகிறேன் என்றார். போன மாதமும் அதையே சொன்னார். எவ்வளவு பெரிய டெலஸ்கோப்பையும் திருப்பி வைக்கிற மனுஷருக்கு அம்மா முகத்தைத் தன் பக்கம் திருப்பத் தெரியவில்லை.

போகும்போது மெதுவாக, "வர்றேன் செல்லம்மா."

எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும். வெட்கமாக இருக்கிறது எழுத. முதல் தடவை அப்படிக் கூப்பிட்டபோது கேலி செய்தேன்: ஜாக்கிரதை, தமிழில் சொல்கிற மட்டும்தான் செல்லம்மா, நம் வீட்டுத் தெலுங்கில் செல்லெம்மா என்றால் தங்கச்சி, ஒரு கொம்பு சேர்ந்தால் குடி கெட்டது என்று. இரண்டு பேரும் அப்படிச் சிரித்தோம்.

மாசி 27, வியாழன்

கிடைத்துவிட்டது. இரண்டு தடவை படித்துவிட்டேன்.

ராஜம்மா சமையல் புத்தகம், புளியோதரைக்குக் கீழே பொடி எழுத்தில்: சிந்தமானு வீட்டார் புளிய விறகு எரிக்க மாட்டார்கள், அது பெற்றவளை எரிப்பது போல. ர. வீட்டிலும் அப்படித்தான், அவரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். குளிர்காலத்தில் காளியம்மா கொடுத்த புளிய விறகை அவருக்குக் காட்டியபோது தொடவே இல்லை.

ஆனால் எங்கள் வீட்டில் எரித்தோம்! அம்மா இருந்தவரை புளிய விறகுதான். சின்ன வயதில் நானே பிளந்து கொடுத்திருக்கிறேன். அப்படியானால் நாங்கள் வேறு சிந்தமானு. அவர்கள் வேறு!

மதியம் கணக்குப் பாடம் தப்பும் தவறுமாக நடத்தினேன். காளியம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டு வேர்க்கடலை வறுத்துக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் போகிறேன்.

பங்குனி 1, திங்கள்

நேற்றைய கதை. எழுதப் பிடிக்கவில்லை, எழுதாமல் இருக்கவும் முடியவில்லை.

அப்பா சமையல் புத்தகத்தை வாங்கி முழுவதும் படித்தார். தோல் மண்டியில் கணக்கு எழுதின மனுஷர், ஒரு வரி விடமாட்டார். பிறகு சொன்னார்: அது உன் அம்மா செய்த தப்பு. வேறு வீட்டிலிருந்து வந்தவள், அவளுக்குத் தெரியாது. என் அம்மா இருந்தவரை வாசலுக்குள் புளிய விறகு வந்ததில்லை. நானும் சொல்லிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

அவ்வளவுதான். நான்கு நாள் சந்தோஷம் போயிற்று. அம்மாவின் அடுப்பைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன், அது எனக்கு எதிராகவே சாட்சி சொல்லிவிட்டது.

வழக்குப் புத்தகத்தைக் காட்டினேன். கிணற்றுக்காகச் சொன்ன பொய் என்றார். பஜனைப் புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கீழே வைத்தார். நான் கத்தினேன். எனக்கு முப்பத்தொன்று முடியப்போகிறது, உங்கள் மரத்தை வெட்டிப் போடுங்கள் என்று. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது பையை வாங்கிக்கொண்டு கூடவே நடந்து வந்தார். ஸ்டாண்டில் நின்று சொன்னார்.

"புஸ்தகம் எல்லாம் வேணாம்மா. அந்தப் பையன் எம் முன்னாடி நின்னு, இவள கட்டிக்கிறேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். நான் குறுக்க நிக்க மாட்டேன். அவன் சொல்லலன்னா நீயும் விட்டுடணும்."

அடுத்த ஞாயிறு அப்பாவே மலைக்கு வருவதாக ஏற்பாடு.

இரண்டு வருஷப் பழக்கம், ஐந்து புத்தகம். கடைசியில் அவருடைய ஒரு வார்த்தை. நல்லதுதான். அதைவிடச் சுலபம் எது?

பங்குனி 4, வியாழன்

ர.வுக்குச் சொல்லி அனுப்பினேன். அவரே சாயங்காலம் சைக்கிளில் வந்தார். அப்பா சொன்னதை ஒரு எழுத்து விடாமல் சொன்னேன். சரி என்றார். அம்மா குடியாத்தத்திலிருந்து வந்திருக்கிறார்களாம், இரண்டு நாளாகச் சாப்பிடவில்லையாம். என்னவென்று கேட்டேன். வயிறு சரியில்லை என்றார். பொய். பட்டினி கிடக்கிறார்கள்.

சொல்வீர்களா என்று கேட்டேன். சைக்கிள் பெல்லைத் திருகிக்கொண்டே இருந்தார். சொல்றேன் என்றார். செல்லம்மா என்று சொல்லவில்லை. மறந்திருப்பார்.

பங்குனி 6, சனி

காற்று. பலாப்பிஞ்சு உதிர்கிறது.

வீடு மெழுகினேன். காளியம்மாவிடம் இரண்டு நாற்காலி கடன். ரவை, சர்க்கரை, வாழைப்பழம் வாங்கியாயிற்று. நீலச் சேலை துவைத்துப் போட்டேன், அதிலும் புளி வாசனை.

சாப்பாடு இறங்கவில்லை. சொல்வார். சொல்லாமல் எப்படி? மனசுக்குள் அவர் குரலிலேயே அந்த வார்த்தையைச் சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். கட்டிக்கிறேன். ஏழு எழுத்துதானே. பிள்ளையாரே, அவர் வாயில் நீ உட்கார்ந்துகொள்.

பயமாக இருக்கிறது. பயமாக இருக்கிறது.

பங்குனி 7, ஞாயிறு

எல்லாரும் வந்தார்கள். அப்பா முதல் பஸ்ஸில். ர. பிறகு. கூடவே அவருடைய அம்மா.

மெலிந்த அம்மா. உதடு காய்ந்து வெடித்திருந்தது. என்னைப் பார்த்துக் கோபப்படவில்லை, அதுதான் தாங்கவில்லை. உப்புமாவைத் தொடவில்லை. புத்தகங்கள் ஸ்டூலின் மேல் இருந்தன, பயில்வான் மேலே. அந்த அம்மா அதை எடுத்துப் படம் பார்த்துவிட்டு, நம்ம வூட்டு ஜாடை என்றார்கள். அப்பா தலையாட்டினார். இரண்டு பேருமாக அரை மணி நேரம் உறவு விசாரித்துக்கொண்டார்கள், தெலுங்கில், சந்தோஷமாக. நான் கதவுப் பக்கம் நின்றேன். ர. தரையைப் பார்த்தபடி.

அப்பா பேச்சை நிறுத்தினார். அவர் பக்கம் திரும்பி, நீ சொல்லுப்பா என்றார். காளியம்மாகூட வாசலில் கையை நிறுத்திவிட்டாள்.

ர. எழுந்தார். அம்மாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். இவ்வளவு நேரம் ஒரு மனுஷன் வாயைத் திறந்து மூடுவதை நான் பார்த்ததில்லை. பிறகு சொன்னார்.

"பஸ்ஸுக்கு நேரமாவுது. போய்ட்டு வர்றேன், செல்லெம்மா."

கொம்பு இருந்தது. எனக்குக் காது நன்றாகவே கேட்கும். முதலில் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன், இல்லை என்று நினைக்கத்தான் ஆசை. ஆனால் அந்த அம்மா கண்ணை மூடிக் கையைக் கூப்பினார்கள். கண்ணீர் வழிய என் அப்பாவிடம், குடிக்கத் தண்ணீர் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஐந்து நாள் பட்டினி முடிந்தது.

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார், அண்ணனுக்கும் ஒரு சொம்பு தண்ணி குடும்மா.

கொடுத்தேன். இரண்டு பேருக்கும் கொடுத்தேன். சொம்பை வாங்கும்போது அவர் பாதித் தண்ணீரைக் கீழே கொட்டினார். அவர் முகத்தைப் பார்த்தே சொன்னேன்.

"எனக்கு அண்ணன் இல்லைங்க. இனிமே டீச்சர்னு கூப்பிடுங்க."

போய்விட்டார்கள். அப்பா இருந்து உப்புமாவைச் சாப்பிட்டார், வீணாகக் கூடாது என்று. கடைசி பஸ்ஸில் அவரும் போனார். காளியம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்து புளியங்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் முன்னால் அழுதேன், சத்தமாகவே அழுதேன். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லையே, அதை நினைத்துத்தான் அழுகை.

பங்குனி 8, திங்கள்

மூட்டம். தூறல் வரும் போல.

காளியம்மாவிடம் புளிய விறகு கேட்டு வாங்கினேன். நன்றாக எரிகிறது. அம்மா கைக்கு எப்போதும் அதுதான் பிடித்தது. புத்தகங்களை மூட்டை கட்டிவிட்டேன், சனிக்கிழமை பாயிடம். மாட்டு வைத்தியம் மட்டும் காளியம்மாவுக்கு, யாராவது படித்துச் சொல்வார்கள்.

தலைவலி. ஆனாலும் பள்ளிக்கூடம் போனேன். ஒன்றாம் வகுப்புக்குக் கொம்பு மறுபடி முதலிலிருந்து. கெ, செ, தெ, லெ. கரும்பலகையில் லெ எழுதிக் காட்டினேன். முதலில் கொம்பைப் போடு, அப்புறம்தான் எழுத்து என்று சொன்னேன். எழுதும்போது கொம்பு முன்னாலேயே வந்து நிற்கிறது, என்ன வரப்போகிறது என்று தெரிந்துவிடுகிறது. பேசும்போது அந்த வசதி இல்லை, வாய்க்குள்ளிருந்து வந்த பிறகுதான் கொம்பு தெரிகிறது.