கம்பத்துக்கு ஒரு கயிறு

மே 12, திங்கள்
தூறல். உடைமாற்றும் அறை மூன்றும் கழுவியாச்சு. சனிக்கிழமை எங்கள் கால்பந்து மைதானத்தில் பெண்கள் ஹாக்கி. ஜெர்மனி – ஒல்லாந்து, பதினெட்டு வயதுக்குள். இங்கே ஹாக்கிக்கு இரண்டு நாடுகள் வருவது இதுதான் முதல் தடவை. மைதானப் பொறுப்பாளர் குரூகருக்குப் பிடிக்கவில்லை. காலையிலிருந்து உறுமல்.
வாங்க: குப்பைப் பை, கையுறை, கறிவேப்பிலை.

மே 14, புதன்
நல்ல வெயில். குரூகர் கோலுக்கு முன்னால் 'டி' வளையம் போட்டார். அதற்குள் நின்று அடித்தால்தான் கோல். கோலின் நடுவில் ஆணி, ஒரு கயிறு, அரைவட்டம். பிழை! கோல் கம்பத்துக்கு ஒரு கயிறு, பதினாறு யார் (கெஜம்) நீளம். இரண்டு கால்வட்டம், நடுவில் நேர்கோடு. கோலின் அகலம் நான்கு யார்; நடுவிலிருந்து அளந்து குரூகர் போட்டதில் இரண்டு பக்கமும் இரண்டு யார் குறையும். யாழ்ப்பாணத்தில் பள்ளி ஹாக்கி அணிக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டவள் நான். சொன்னேன்.
"நீ போய்க் கக்கூஸைப் பார்."
எல்லாருக்கும் முன்னால். காது சுட்டது.
வீட்டில் என் கணவர்: "மாதக் கடைசியிலை உம்மடை வேலை ஃபெர்ட்ராக் முடியுது. புதுசு தரவேணும் எண்டால் வாயை மூடிக்கொண்டு இரும்."
"ஏலாது."
"அவையின்ரை கோடு. உமக்கென்ன?"
பிள்ளைகள் முறையாக அடித்த கோலை நடுவர் இல்லை என்பார். அதுதான் எனக்கு.

மே 16, வெள்ளி
குரூகர் மூன்று மணிக்கே போய்விட்டார். வாளி, தூரிகை, அவருடைய சாயம். பழைய வளையத்தைத் தேய்த்து எடுத்தேன். தேய்ப்பது என் தொழில்தானே. இரண்டு பக்கமும் புதிதாகப் போட்டேன். முழங்கால் போச்சு. பயம்தான், ஆனாலும் அவர் கதவில் கடிதம் ஒட்டினேன்: "வளையத்தை மாற்றியது நான். கம்பத்திலிருந்து அளந்து பாருங்கள்." கீழே முழுப்பெயர்.

மே 17, சனி
குளிர்காற்று. குரூகர் கடிதத்தோடு வந்தார். முகம் தக்காளி. "திங்கள் நீ வரத் தேவையில்லை."
அதற்குள் நடுவர் அம்மா அளவு நாடாவோடு வந்தார். ஒவ்வொரு கம்பமாக அளந்தார்.
"கச்சிதம். யார் போட்டது?"
"நாங்கள்தான்," என்றார் குரூகர். கடிதம் கையிலேயே இருக்கிறது!
"நாங்கள் இல்லை. நான்," என்றேன்.
நடுவர் கை கொடுத்தார். கையுறையைக் கழற்றிவிட்டுக் கொடுத்தேன். ஆட்டம் முழுவதும் கோட்டருகில் நின்று பார்த்தேன். ஒல்லாந்துப் பிள்ளை ஒன்று வளையத்தின் ஓரத்திலிருந்து அடித்தது. குரூகர் வெட்டிவிட்ட அந்த இரண்டு யாரிலிருந்து. கோல். நடுவர் அம்மாவும் கோல் என்றே கை காட்டினார்.
திங்கள் ஆறு மணிக்குப் போவேன். வேண்டாம் என்றால் குரூகர் எழுத்தில் தரட்டும். காரணத்தையும் எழுதட்டும்: கோடு சரியாக இருந்தது.