பன்னிரண்டாவது சேலை

இன்று காலை ஆறு பத்துக்குப் போன் ஒரு சத்தம் போட்டது. அரிசி களைந்துகொண்டிருந்தவள், ஈரக் கையோடு எடுத்துப் பார்த்தேன். வாடாமல்லி நிறச் சேலையில் நீ நின்றாய். பின்னால் உங்கள் வீட்டு மொட்டை மாடி, பாய் நிறைய வடக உருண்டை, தோளுக்கு மேலே வெயில். "வணக்கம் சொந்தங்களே, பெரம்பலூர்லேருந்து உங்க வடக அக்கா வந்துட்டேன்" என்றாய். நீ போய் இன்றோடு ஏழாம் நாள்.

நாம் முன்கூட்டியே எடுத்து வைத்த பன்னிரண்டில் இது பதினொன்றாவது வீடியோ. நாளைக்கு ஒன்று மிச்சமிருக்கிறது. அது வருவதற்குள் நான் ஒரு முடிவுக்கு வந்தாக வேண்டும். நீ செத்துப்போனதை வீடியோ பார்க்கிற ஜனங்களிடம் சொல்வதா, இல்லை உன்னை இப்படியே பேசவிட்டுக்கொண்டிருப்பதா? நேரில் இருந்தால் உன்னிடம் கத்தியே தீர்த்திருப்பேன். எனக்கு மெதுவாகப் பேச வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

நம் பக்கத்துச் சின்ன வெங்காயத்தை ஊர் உலகமே வாங்குகிறது, அதில் நீ போடும் தாளிப்பு வடகம் மட்டும் ஏன் துறையூர் ரோட்டைத் தாண்டவில்லை என்று ஒரு நாள் உன்னைக் கேட்டேன். "நான் போட்டுத் தரேன், நீ தாண்ட வைடி" என்றாய். பத்து வருடம் ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்தவள் நான். போன் என்றால் எனக்குப் பயமில்லை. ஆலோசனை சொல்கிறவர்களின் வீடியோவை எல்லாம் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். முதல் மூன்று நொடிக்குள் முகம் தெரிய வேண்டும். வாங்குங்கள் வாங்குங்கள் என்று நச்சரிக்கக் கூடாது, சமைத்துக் காட்ட வேண்டும். கேட்கிற ஒவ்வொருத்தருக்கும் பதில் போட வேண்டும். ஒரே நேரத்தில் தினமும் வர வேண்டும், ஒரு நாள்கூட விடக் கூடாது. ஆறு பத்து என்று நேரம் குறித்ததும் நான்தான். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கும்வரை பெண்கள் போனைப் பார்க்கிற நேரம் அது.

"என் மூஞ்சியப் பாத்து எவடி வடகம் வாங்குவா" என்று சிரித்தாய். உன் மூஞ்சியைப் பார்த்துத்தான் வாங்கினார்கள். நாம் ஆரம்பித்த நாலாவது நாள் வீடியோவில், பேச்சின் நடுவில் பாயில் வந்து உட்கார்ந்த காக்காயை "ஏய், ஒன் மாமியா வூடா இது, எந்திரிச்சுப் போ" என்று நீ விரட்டியதை நான் வெட்டாமல் அப்படியே போட்டேன். அதுதான் முதலில் பரவியது. ஈரோட்டிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் அந்தக் காக்காயை விசாரித்தார்கள். இயல்பாக இருப்பதுதான் விற்கும் என்று அன்றைக்கு நோட்டில் எழுதி இரண்டு கோடு போட்டேன். அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க இப்போது கை வரவில்லை.

ஐப்பசியில் உனக்கு இருமல் ஆரம்பித்தது. வெங்காய நெடி என்று நினைத்தோம். கார்த்திகையில் பனி என்றோம். "சிமெண்டுத் தூசியக் குடிச்சு வளந்தவ நான். அரியலூர்க்காரிக்கு இதெல்லாம் ஒரு இருமலா" என்று நீயே நெஞ்சைத் தட்டிக்கொண்டாய். சின்ன வயதில் சுண்ணாம்புக்கல் லாரி போகிற ரோட்டோரம் துணி காயப்போட்டு, திரும்ப எடுத்து உதறின கதையை அன்றைக்கும் சொன்னாய். சொல்லும்போதே இருமினாய்.

நான் என்ன செய்தேன்? வெட்டினேன். போனில் ஒரு கத்தரிக்கோல் படம் இருக்கும், அதைத் தொட்டால் போதும்; வெட்டிய துண்டு போனிலேயே ஒரு மூலையில் கிடக்கும். "திங்கற பொருள் விக்கிறோம்டி, இருமிக்கிட்டே உருட்டினா எவ வாங்குவா" என்று கேட்டேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை, எந்தக் கடைக்காரியும் அதைத்தான் சொல்வாள். நீயும் ஒத்துக்கொண்டாய். ஒத்துக்கொண்டது மட்டுமா, பழகிக்கொண்டாய். இருமல் வந்தால் உருண்டையைக் கீழே வைத்துவிட்டு, முகத்தைத் திருப்பி இருமி முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு இரண்டு நொடி சும்மா நிற்பாய். நான் சுத்தமாக வெட்டுவதற்கு வசதியாக. பிறகு விட்ட வார்த்தையிலிருந்து பிடிப்பாய். எவ்வளவு அழகாகச் செய்கிறாள் என்று நான் பெருமைப்பட்டேன்.

மாசியில் ஒரு நாள் உருண்டைகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டே, "ஒரு நடை திருச்சிக்குப் போயி காட்டிட்டு வரட்டுமாடி" என்று கேட்டாய். என் முகத்தைப் பார்த்துக்கூடக் கேட்கவில்லை. வெயில் பிடிக்கிற நேரம், பங்குனி சித்திரையில்தான் வடகம் நிறையப் போட முடியும், ஆர்டர் குவிகிற சமயம். "சீசன் முடியட்டும்டி. இப்ப ஒரு நாள் விட்டாலும் ரீச் படுத்துடும், பாக்கற ஆளு கொறஞ்சுடும்" என்றேன். நீ சரி என்று சொன்னாய். எல்லாவற்றுக்கும் எதிர்ப் பேச்சு பேசுகிறவள், அதற்கு மட்டும் ஏன் சரி என்று சொன்னாய்? என்னைக் கெட்ட வார்த்தையில் நாலு திட்டு திட்டிவிட்டு பஸ் ஏறியிருக்கக் கூடாதா?

பங்குனியில் உன் ரவிக்கை எல்லாம் தொளதொளத்தது. "அக்கா ஸ்லிம் ஆயிட்டீங்க, என்ன ரகசியம்" என்று காக்காயை விசாரித்த அந்த ஈரோட்டுப் பெண் கேட்டிருந்தாள். உன் பெயரில் பதில் எழுதுவது எப்போதும் நான்தானே. "எல்லாம் நம்ம வடகக் குழம்புதான் சொந்தமே" என்று போட்டேன். நூறு பேர் சிரித்தார்கள். உன்னிடம் காட்டினேன், நீயும் சிரித்தாய். சிரிப்பு இருமலில் முடிந்தது.

கடைசியில் மினி பஸ் ஓட்டும் உன் வீட்டுக்காரர்தான் பிடிவாதம் பிடித்தார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி என்று முடிவானது. உனக்கு உடம்பைப் பற்றிக் கவலை இல்லை, தினமும் வர வேண்டிய வீடியோவைப் பற்றித்தான் கவலை. முன்னாடியே எடுத்து, நாள் நேரம் குறித்துவிட்டால் தானாக வந்துவிடும் என்று நான் சொன்னேன். சனிக்கிழமை காலையிலிருந்து பன்னிரண்டு வீடியோ எடுத்தோம். ஒரே நாளில் எடுத்தது தெரியக் கூடாது என்று பன்னிரண்டு சேலை. மாடி ரூமுக்குள் போய் நீ மாற்றிக்கொண்டு வர வர, நேரம் அதிகமாகிக்கொண்டே போனது. எட்டாவதுக்குக் கதவைத் தட்டினேன். "இருடி, மூச்சு வாங்குது, மடிப்பு நிக்க மாட்டேங்குது" என்றாய். உள்ளே வந்து கொசுவம் பிடித்துவிட்டேன். உன் இடுப்பு எலும்பு என் கையில் இடித்தது. அப்போதும் நான் வெளிச்சம் போய்விடுமே என்றுதான் நினைத்தேன். அதை உன்னிடம் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது.

திருச்சியில் டாக்டர், "எத்தனை நாளா இருமல்" என்று கேட்டார். "ரெண்டு மூணு வாரமா இருக்குங்க சார்" என்றார் உன் வீட்டுக்காரர். பாவம், அவருக்கு அவ்வளவுதான் தெரியும். வீட்டில் நீ அவருக்குத் தெரியாமல் மாடிக்குப் போய் இருமினாய். டாக்டர் எதிரில் நீ என்னைப் பார்த்தாய். நான் தரையைப் பார்த்தேன். ஐப்பசியிலிருந்து ஒவ்வொரு இருமலும் நாள் தேதியோடு என் போனில் இருந்தது. வாயைத் திறக்கவில்லை. நுரையீரல் முழுக்கப் பரவிவிட்டது, முன்னாடியே வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, அந்தப் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நீ போய்விட்டாய். அன்று காலையில்கூட ஐந்தாவது வீடியோ வந்து, வத்தக்குழம்புக்கு வடகம் தாளிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாய். சனிக்கிழமை உன்னை எடுத்தோம். குளிப்பாட்டி உடுத்தச் சேலை கேட்டார்கள். உன் வீட்டுக்கார அண்ணன் பீரோவைத் திறந்து கைக்குக் கிடைத்ததைக் கொடுத்தார், மாம்பழ நிறம். அது ஏழாவது சேலை. நிறுத்த வேண்டும் என்று தோன்றியது, ஆனால் அந்த அழுகையில் போன் எங்கே என்றே தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு பத்துக்கு, முந்தின நாள் சுடுகாட்டுக்குப் போன அதே சேலையில் நீ வந்து, "வணக்கம் சொந்தங்களே" என்றாய்.

"இந்தக் கலர் உங்களுக்கு அம்சமா இருக்குக்கா" என்று ஈரோட்டுப் பெண் போட்டிருந்தாள். என் விரல் தானாக ஓடியது. "நன்றி சொந்தமே." அனுப்பிய பிறகுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. அன்றிலிருந்து ஒருவருக்கும் பதில் போடவில்லை. ஆனால் நிறுத்தவும் இல்லை. காலையில் அந்தச் சத்தம் வந்ததும் உன்னைப் பார்க்க ஓடுகிறேன், பார்த்ததும் பயப்படுகிறேன்.

செவ்வாய்க்கிழமை, நமக்கு லேபிள் அடித்துத் தரும் ஃப்ளெக்ஸ் கடைக்காரர் துக்கம் கேட்க வந்தார். போகிற போக்கில் குரலைத் தணித்தார். "பழைய வீடியோ எல்லாம் இருக்குல்லங்க? அத வெச்சு கம்ப்யூட்டர்லயே அக்காவப் பேச வெச்சுடலாம். குரலு, மூஞ்சி எல்லாம் அப்படியே வரும். நீங்க எழுதிக் குடுத்தா போதும், எத்தன வருசம் வேணாலும் ஓட்டலாம். வெளியூர்க்காரங்களுக்கு என்னங்க தெரியப் போவுது?" கெட்ட மனுஷர் இல்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். ஒரு முழு நாள் நானும் அதை யோசித்தேன் என்பதுதான் அசிங்கம். அந்த நீ களைத்துப் போக மாட்டாய், திருச்சிக்குப் போகட்டுமா என்று கேட்க மாட்டாய். ஒரு நாள்கூட விடாமல் வருவாய். என் நோட்டில் உள்ளபடி நடக்கிற பொம்பளை.

இன்று மத்தியானம் அண்ணன் வந்தார். அவரிடமும் அந்தக் கடைக்காரர் சொல்லியிருக்கிறார். "பேசட்டும்மா. காலையில அவ கொரலக் கேட்டாத்தான் எனக்கு எந்திரிக்கவே தோணுது" என்றார். அவரைப் பார்த்து முடியாது என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? போனை எடுத்து, வெட்டிய துண்டுகளை ஐப்பசியிலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன்.

நீ இருமினாய். வாயைத் துடைத்தாய். இரண்டு நொடி நின்றாய். மறுபடி இருமினாய். மார்கழியில் ஒரு கையைச் சுவரில் ஊன்றினாய். மாசியில் உட்கார்ந்துவிட்டாய். துண்டுகள் முடியவே இல்லை. சில துண்டுகளில் உன் இருமலுக்குப் பின்னால் என் குரலும் கேட்டது: "ம், இப்ப பேசு."

அண்ணன் போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "நீ கேட்டுக்கிட்டேதான் இருந்தியாம்மா?" என்றார்.

"ஆமாண்ணே."

அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். எழுந்து செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, என்னைத் திரும்பிப் பார்க்காமல் சொன்னார். "அதப் போடு. அதுவும் அவளுதுதான்." இனி அவர் என்னிடம் பேசுவாரா என்று தெரியவில்லை.

இப்போது யாராவது பக்கத்தில் இருமினால் என் வலது கட்டைவிரல் தானாக அசைகிறது. பஸ்ஸில், ரேஷன் கடையில், எங்கேயும். இது என்னை விட்டுப் போகாது, போகவும் வேண்டாம்.

பன்னிரண்டாவது சேலையில் நீ பேசியதை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் எல்லாத் துண்டுகளையும் ஒன்றாகச் சேர்த்து, என் குரலையும் விட்டுவைத்து, கீழே இரண்டு வரி எழுதினேன். இவள் போன வெள்ளிக்கிழமை இறந்துவிட்டாள். இதையெல்லாம் உங்கள் காதில் விழாதபடி வெட்டியவள் நான்.

நாளைக் காலை ஆறு பத்துக்கு, ஊர் உலகமெல்லாம் பால் பொங்கக் காத்திருக்கும்போது, நீ இருமுவாய்.